நூற்று எண்பத்தாறு பவுண்டு, நாற்பது பென்ஸ்

வாடகை ஏஜென்சிப் பெண் திரையைப் பார்த்தாள்,
என்னைப் பார்த்தாள், மறுபடி திரையை.
"உங்கள் பெயரில் ஒரு தீர்ப்பு இருக்கிறதே."

நான் கோர்ட் படி ஏறியதே இல்லை.
கிரிம்ஸ்பியில் அது எந்தத் தெருவில் என்று கேட்டால்
மீன் சந்தைக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா
என்று முழிப்பேன்.

ஆனாலும் இருந்தது.
பெர்னடெட் மேரி ஆக்ஸ்டொபி.
நான் விட்டு வந்த வீட்டு விலாசம்.
ஆறு வருஷத்துக்குப் பதினோரு வாரம் குறைவான ஒரு தேதி.

அந்த வாரம் எங்கே இருந்தேன்?
அக்கா வீட்டு சோபாவில்,
மகனின் கால் என் விலாவில்.
கடிதங்கள் பழைய வீட்டு மிதியடிமேல் விழுந்திருக்கும்,
அவற்றின்மேல் கிளைவின் பூட்ஸ்.
என் பெயரை உரக்க வாசித்த அறையில்
நான் இல்லை என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.
தீர்ப்பு வந்துவிட்டது.
எதுவும் தீரவில்லை.

எல்லாம் ஒரு சலவை இயந்திரத்துக்காக.
பதினோரு தவணை கட்டினேன், பன்னிரண்டாவதற்குள் கிளம்பிவிட்டேன்.
அது இன்னும் அங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கும்,
அவன் சட்டைகளோடு, இன்னொருத்தியின் மேலாடைகளோடு.
நான் ஞாயிற்றுக்கிழமைகளில் மூட்டை தூக்கிப் போய்
நாணயம் போட்டுத் துவைக்கிறேன்.

செவ்வாய்தோறும் நூலகத்தில் இலவச ஆலோசனை.
ஆல்வினுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு,
டையில் தக்காளி சாஸ்.
காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
ரத்து செய்யக் கேட்கலாம், ஆனால் அந்த மனுவுக்கான கட்டணம்
கடனைவிட அதிகம்.
கட்டிவிடலாம், அப்போது பெயர் போகாது,
பக்கத்தில் 'செலுத்தப்பட்டது' என்று ஏறும்.
அல்லது சும்மா இருக்கலாம்.
பதினோரு வாரத்தில் பதிவேட்டிலிருந்து
பால் பல் மாதிரி தானாக விழும்.

சும்மா இருக்க எனக்கு வராது.
மீன் ஃபேக்டரியில் நாலு இரவு கூடுதல் ஷிப்ட்,
ரொட்டித் தூளில் புரண்ட ஹேடக், விரல் நுனியெல்லாம் மரத்து.
பிஸ்கட் டப்பாவில் பணம் சேர்ந்தது.
போன் போட்டேன்.

கடையில் சொன்னார்கள்: அதை விற்றுவிட்டோமே.
வாங்கியவர்கள் சொன்னார்கள்: நாங்களும் விற்றுவிட்டோம்.
என் கடன் ஊர் ஊராகக் கை மாறியிருக்கிறது,
என்னைவிட அதிகம் பயணம் செய்திருக்கிறது.
என்ன விலைக்குப் போனது என்று கேட்டேன்.
நூறு பவுண்டுக்கு மூன்றோ நாலோ இருக்கும் என்றாள் ஒருத்தி,
மனம் இரங்கி, குரலைத் தாழ்த்தி.
முதலிலேயே சொல்லியிருந்தால்
நானே வாங்கியிருப்பேன்.

கடைசிக் கம்பெனியின் எண்ணில்
ஒரு நீண்ட ஊளை மட்டும்.
மூடிவிட்டார்களாம்.
"கோர்ட்டிலேயே கட்டலாம்," என்றான் ஆல்வின்,
"அதற்கு வேறொரு படிவம்..."
அவன் முகத்தைப் பார்த்தேன்.
அவனும் என் முகத்தைப் பார்த்தான்.
இருவரும் சிரித்துவிட்டோம், நூலகத்தில்,
யாரோ 'உஷ்' என்கிற அளவுக்கு.

கடல் தெரிகிற அந்த ஃப்ளாட் வேறு யாருக்கோ போனது.
வாரங்கள் போயின.
அந்த நாள் ஒரு புதன், மழை,
கப்பல்துறைப் பக்கம் கடற்காகங்கள் எதற்கோ சண்டை.
பதிவேட்டில் தேடிப் பார்த்தேன்.
பெயர் இல்லை.
இல்லை என்பதைப் பார்க்கவும் காசு கட்டச் சொன்னார்கள்,
கட்டினேன், உடனேயே.

ஒன்று சொன்னால் சிரிக்கக் கூடாது.
மேரி என்கிற நடுப்பெயரோடு
ஒரு பிழையும் இல்லாமல்
என்னை முழுசாக எழுதி வைத்திருந்தது
அந்த ஒரு இடம்தான்.

பணம் இன்னும் டப்பாவில்.
யாருடையது என்று தெரியாததைச் செலவழிக்கக் கை வரவில்லை.
நேற்று டெக்லன் பேருந்துக்கு நாற்பது பென்ஸ் எடுத்தான்.
திங்கட்கிழமை வைத்துவிடுகிறேன் என்றான்.

எழுதிக் கொடு என்றேன்.