சேதாரம்: ஒன்றரை கிராம்

பேர் கோகிலவாணி.
வீட்டுக்காரர் பேருக்கு ஒரு கோடு போட்டுடுங்க சார்.

இடம் மணியனூர், ரேஷன் கடைக்குப் பின்சந்து.
போர்டு கிடையாது பட்டறைக்கு.
முனையில நின்னாலே கேட்கும்:
நாளைக்கு எவ காலிலோ சிணுங்கப் போறது
இன்னைக்கு அங்கே இடிபட்டுக்கிட்டிருக்கும்.

நேரம் பத்தே முக்கால்.
டீ இன்னும் வரல, அதான் ஞாபகம்.
வந்திருந்தா கை டம்ளர்ல இருந்திருக்கும்.

எப்படி நடந்ததுன்னு எழுத
நாலு வரிதான் விட்டிருக்காங்களா?
பிரஸ்ல பூ வெட்டிக்கிட்டிருந்தேன். மாங்கா டிசைன்.
கைக்கு மறைப்பா ஒரு தகடு இருந்தது,
போன தீபாவளி ஆர்டருக்குக் கழட்டினாங்க.
அது இருந்தா மணிக்கு நூறு பூ குறையுதாம்.
ஆணி போட்ட ஓட்டை மட்டும் இருக்கு இன்னும்.
அச்சு கீழே வந்தது.
கை வெளியே வரல.
வலிக்குக் கட்டம் இல்ல, நான் முன்னாடியே பார்த்துட்டேன்.

ரத்தினவேலு முதலாளி கெட்டவர்னு சொல்ல மாட்டேன்.
தன் வண்டியிலேயே ஏத்திக்கிட்டுப் போனார்.
தாதகாப்பட்டி கேட் நெரிசல்ல நின்னப்பதான்
திரும்பாமலே சொன்னார்:
"காய் நறுக்கறப்பன்னு சொல்லிடு, கோகிலா."
சொன்னேன்.
டாக்டர் கட்டைப் பிரிச்சுப் பார்த்தார்.
"எந்த அருவாமனைம்மா மாங்கா டிசைன்ல வெட்டும்?"
கேட்டுட்டு,
வீட்டில் ஏற்பட்ட காயம்னு எழுதிட்டார்.

இப்ப அந்தச் சீட்டு வீடுங்குது.
முதலாளி, "அந்தப் பொண்ணா?
எப்பவாச்சும் வரும், போகும்"ங்கறார்.
பதினோரு வருஷம் சார்.
ரிஜிஸ்தர் இல்ல, சம்பளச் சீட்டு இல்ல, ஈஎஸ்ஐ அட்டை இல்ல.
ஆளுக்குக் கணக்கே கிடையாது அங்கே,
வெள்ளிக்குத்தான்.
காலையில நிறுத்துக் கொடுப்பார்,
சாயந்தரம் நிறுத்து வாங்குவார்.
நாங்க கை கழுவின தண்ணியை வாளியில தெளியவிட்டு
அடிமண்டியைச் சுரண்டி எடுப்பார்.
நகக்கண்ணுல ஒட்டினது கூட
எங்கூட வீடு வந்து சேர்ந்ததில்ல.

இந்தாங்க, நோட்டு.
சனிக்கிழமைக் கூலிக்கு அவரே கைப்பட எழுதறது.
எண்ணெய்க் கறையைப் பார்க்காதீங்க, தேதியைப் பாருங்க.
கொடுத்தது முந்நூத்தி நாப்பது.
வாங்கினது முந்நூத்தி முப்பத்தெட்டரை.
குறைவு ஒன்றரை கிராம், கூலியில் பிடித்தம்.
கீழே சுழிச்சு ஒரு கையெழுத்து.

அந்த ஒன்றரை எங்கே போச்சுன்னு எனக்குத் தெரியும்.
துண்டு வச்சுச் சுத்தினாங்களே,
அதுல ரத்தத்தோட ஒட்டிக்கிட்டு வந்துச்சு.
ஆஸ்பத்திரியில சிவப்புக் கூடையில போட்டாங்க.
பட்டறையில அச்சைத் துடைச்சு
மிச்ச வெள்ளியை எடுத்துட்டாங்களாம்.
கூட வேற என்ன கிடந்ததுன்னு
நானும் கேட்கல, அவங்களும் சொல்லல.

வேலைக்கே வராதவகிட்ட
ஒன்றரை கிராம் எப்படி சார் பிடிக்க முடியும்?
இதை எழுதுங்க.
வரி பத்தலன்னா ஓரத்துல எழுதுங்க.

என்ன புத்தகம் புரட்டறீங்க?
சுட்டுவிரல், ரெண்டு கணு,
பதினோரு சதவீதமா?
நீங்க ஏன் சார் தலையைக் குனியறீங்க.
கொலுசுக் கடையிலயும் சேதாரம்னு
இப்படித்தான் ஒரு சதவீதம் சொல்றாங்க.
அங்கேயாவது கொஞ்சம் பேசிப் பார்ப்போம்.

மைப்பெட்டி வேண்டாம், உள்ளே வைங்க.
இடது கையில கையெழுத்துப் பழகிட்டேன், இருபது நாளா.
மகனோட நாலு கோட்டு நோட்டுல.
'கோ' மட்டும் கொம்பு சாயும்.

நோட்டை விட்டுட்டுப் போகச் சொல்லாதீங்க,
அது முடியாது.
கோரிமேட்டு பஸ் ஸ்டாப்புகிட்ட ஜெராக்ஸ் கடை இருக்கு,
பக்கத்துக்கு ரெண்டு ரூபாய்.
வாங்க, நானே கூட வரேன்.