அளவு

கடலுக்குள் ரத்தம் தெரியாது.
பாசிப்பையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு
முங்கி எழும்போதெல்லாம் வாய் நிறைய உப்பு;
எது கடலுடையது, எது என்னுடையது என்று
யார் பிரித்துப் பார்த்தார்?
வெள்ளைச் சோற்றில் தெரிந்தது.
ஒரு கொய்யாப்பழத்தில், கடித்த இடத்தில், தெரிந்தது.

பாம்பனில் பஸ் ஏறி ராமநாதபுரம்.
கேணிக்கரைப் பக்கம், மாடியில் கிளினிக்.
"பூமயில்! ஏழாம் நம்பர்!"
மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்குள் இறக்கி
டாக்டர் நர்சிடம் எண் எண்ணாகச் சொன்னார்:
நாலு, ஆறு, ஆறு, ஏழு.
வத்தையிலிருந்து கயிறு விட்டு
எத்தனை பாகம் ஆழம் என்று சொல்வதுபோல.

"பல்லுல ஒரு கெடுதலும் இல்லம்மா.
அது நிக்கிற எலும்புதான் கரைஞ்சுபோச்சு."
இதைப் புரியவைக்க அவர் படம் வரைந்திருக்க வேண்டாம்.
போன புயலில் சேதுராக்கு வீடும்
சுவரில் ஒரு கீறல் இல்லாமல்தான் சாய்ந்தது.

பிறகு தாளில் எழுதித் தந்தார்.
சுத்தம் செய்ய இவ்வளவு.
ஈறைத் திறந்து தைக்க ஒரு பக்கத்துக்கு நாலாயிரம்.
வாய்க்கு நாலு பக்கமாம்.
இரண்டு கன்னம்தான் என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன்.

தேதி கொடுத்தார்: அமாவாசைக்கு மறுநாள்.
நீர் வத்தி, பாறை முதுகு காட்டும் நாள்.
மாசத்தில் பன்னிரண்டு நாள்தான் எங்களுக்குக் கடல்.
"வேற நாள் தர்றீங்களா டாக்டர்?"
"ஏம்மா, வீட்ல விசேஷமா?"
ஆமாம் என்றேன்.

பெரியாஸ்பத்திரியிலும் கேட்டுப் பார்த்தேன்.
பிடுங்கக் காசில்லை,
பதினோரு மணிக்குள் முடிந்துவிடும்.
காப்பாற்றத்தான் மதுரைக்குப் போகச் சொன்னார்கள்.
காப்பீட்டு அட்டையை நீட்டினேன்.
இருதயத்துக்குச் செல்லுமாம், கிட்னிக்குச் செல்லுமாம்;
என் ஈறு அந்தப் பட்டியலில் இல்லை.

பாசிக் கம்பெனி ஏஜெண்டிடம் முன்பணம் கேட்டேன்.
கல்யாணம், காதுகுத்து, கருமாதி
எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு தொகை உண்டு.
ஈறுக்கு இதுவரை யாரும் கேட்டதில்லையாம்.
நோட்டில் என்ன தலைப்பில் எழுதுவது என்று
பேனாவை மூடி மூடித் திறந்தார்.

கடைசியில்
கீழே முன்பல் ஆறையும் தைத்தோம்.
கடைவாயில் மூன்றை விட்டோம்.
சிரித்தால் தெரியுமே என்று நான் பயந்ததாக
டாக்டர் நினைத்துக்கொண்டார்.
கயிற்றைப் பிடிப்பது முன்பல்தான்
என்று சொல்லலாமா என்று பார்த்தேன்;
வாயில் பஞ்சு இருந்தது.

போன மூன்றுக்குக் கட்டுப்பல் வைக்க
இன்றைக்கு அளவு எடுத்தார்கள்.
இளஞ்சிவப்புப் பொடியைத் தண்ணீர்விட்டுக் குழைத்து
நர்ஸ் ஷமீமா தட்டோடு உள்ளே அழுத்தினாள்.
"மூக்கால மூச்சு விடுங்க, குமட்டாது."
மூச்சடக்க எனக்கா சொல்லித்தர வேண்டும்?

புதினா வாசனை.
அதற்கு அடியில் இன்னொன்று,
மத்தியான மணலில் கட்டக்கோரை காயும்போது
சேலை முந்தானை வரைக்கும் ஏறுமே, அது.

"இது எதுலம்மா செய்யிறது?"
டப்பாவைத் திருப்பிப் பார்த்தாள்.
"ஏதோ கடல்பாசியாம்க்கா."
"என்ன விலை?"
"பாக்கெட் நானூத்தி இருவது."
கிலோ என்ன விலைக்குப் போட்டேன் என்று
நான் சொல்லவில்லை.
நல்ல பிள்ளை. சங்கடப்படும்.

அச்சைக் கையில் வாங்கிப் பார்த்தேன்.
பல் இருக்கிற இடமெல்லாம் குழி.
பல் போன இடம் மேடு.
சுண்ணாம்பு வார்த்த பிறகு இதை என்ன செய்வீங்க என்றேன்.
மஞ்சள் கூடையைக் காட்டினாள்.

இன்னும் ஒரு மாசம் பல்லால் எதையும் இழுக்கக் கூடாது.
மறுநாள் கயிற்றை இடது கையில் சுற்றிக்கொண்டு முங்கினேன்.
ஒரு கை பை, ஒரு கை பாறை.
பாதிப் பைதான் சேர்ந்தது.

எடைபோடுகிற பையன் தராசைப் பார்த்தான், என்னைப் பார்த்தான்.
"என்னத்தே, உடம்பு சரியில்லையா?"
வாயைத் திறக்கவில்லை.
காற்று பட்டால் கூசும்.