பிடித்தம்

கோர்ட்டுக் கடிதம் வந்த நாளில்
பாயான் லெப்பாஸ் முழுக்க மழை.
உறையின் ஓரம் ஊறி
முத்திரை மை நீலமாய்க் கசிந்திருந்தது.
"உங்கள் ஆள்" என்று மலாயில் சொல்லி
என் மேசையில் வைத்துவிட்டுப் போனார் மிஸ் ஓங்.

எங்கள் ஆள் என்றால் குணாளன்.
சோதனைப் பிரிவு, இரவு ஷிப்டு, பதினோரு வருடம்.
தீபாவளிக்கு மறுநாள்
முறுக்கு டப்பாவோடு வந்து நிற்பான்,
சம்பளப் பிரிவு முழுக்க அவனுக்குச் சொந்தம்போல.

கடிதத்தில் முறுக்கு இல்லை.
மாதம் நானூற்றைம்பது வெள்ளி,
நிலுவைக்கு மேலும் நூறு,
இருபத்தாறு மாத நிலுவை,
பிள்ளையின் பெயர் கவினேஷ்,
பணம் அவன் கையில் படும் முன்பே எடுத்து அனுப்பவும்.

சேமநிதிக்குக் கீழே
சொக்சோவுக்குக் கீழே
கூட்டுறவுக் கடனுக்கும் கீழே
ஒரு புது வரி திறந்தேன்.
பன்னிரண்டு எழுத்துக்குமேல் ஏற்காத கட்டம்.
பையனின் பெயரைப் போட்டால் சரியாக அடங்கும்,
போடவில்லை.
மலாயில் 'பொத்தோங்ஙான்' என்று தட்டினேன்:
வெட்டு.
நாம் மட்டும்தான் அதைப் பிடித்தம் என்கிறோம்,
ஏதோ ஆசையாகப்
பற்றிக்கொண்டதுபோல.

சம்பளச் சீட்டு போன மறுநாள்
கவுண்டர் கண்ணாடியில் அவன் நெற்றி.
"கொடுக்க மாட்டேன்னு சொன்னேனா அக்கா?
நானா கொடுக்கிறது வேற,
புடுங்கிக் கொடுக்கிறது வேற."
இருபத்தாறு என்று சொல்ல வாயெடுத்தேன்.
பின்னால் வரிசையில் நேப்பாளிப் பையன்கள்.
"அடுத்தது" என்றேன்.

புஷ்பலீலா ஒரே ஒரு முறை கூப்பிட்டாள்.
நன்றி சொல்லவில்லை, அழவில்லை.
"இருபத்தெட்டாம் தேதி ஏறிடுமா?
வேன்காரர் கேக்கறார்."
ஏறிடும் என்றேன்.
ஏழு மாதம் ஏறியது.

எட்டாம் மாதம்
இருபத்துநான்கு மணி நேர நோட்டீஸில்
குணாளன் நின்றுவிட்டான்.
பேட்ஜ், லாக்கர் சாவி, நீலச் சட்டை இரண்டு,
எல்லாம் ஒப்படைத்த கையெழுத்து மிக அழகு.

மூன்றாவது நாளே பிறையிலிருந்து ஒரு தொழிற்சாலை கேட்டது,
ஆள் எப்படி என்று.
நல்ல தொழிலாளி என்றேன்.
அது உண்மை.

இப்போது என் முன்னால் கோர்ட்டுக்கு ஒரு பாரம்.
விலகிய தேதி: எழுதிவிட்டேன்.
கடைசிச் சம்பளம்: எழுதிவிட்டேன்.
புதிய முதலாளி, தெரிந்தால்:

தெரிந்தால்.

ஜெலுத்தோங் அடுக்குமாடி, ஒன்பதாம் மாடி.
லிஃப்ட் கெட்ட ஒரு மதியம்
கோர்ட்டு ஆள் மூச்சிரைக்க ஏறிவந்தார்,
அண்ணனின் பெயரைச் சொல்லிக் கேட்டார்.
இல்லை என்றேன்.
பின்னறையில் மின்விசிறி
கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.
அவர் அதைக் கேட்டார்.
நான் கேட்டதையும் கேட்டார்.
குடிக்கத் தண்ணீர் வாங்கிக்கொண்டு,
நின்றபடியே குடித்து,
முழங்காலில் தாளை வைத்து
'ஆள் இல்லை' என்று எழுதிக்கொண்டு இறங்கினார்.
அண்ணி அதற்குப் பிறகு கேஸை நடத்தவில்லை.
பஸ் காசுக்கு வழியில்லை என்று யாரோ சொன்னார்கள்.
அண்ணன் மகளுக்கு இப்போது இருபது இருக்கும்.
தெருவில் எதிரே வந்தால்
எனக்கு அடையாளம் தெரியாது.

மிஸ் ஓங் எட்டிப் பார்த்தார்,
"இன்னும் முடியலையா?"
பிறைத் தொழிற்சாலையின் பெயரை எழுதினேன்,
அஞ்சல் குறியீட்டோடு,
அவர்கள் கூப்பிட்ட எண்ணோடு.
பேனா அழுத்தியதில்
அடித்தாளிலும் பதிந்துவிட்டது.

பிறகு கணினி கேட்டது,
இந்த வரியை நீக்கவா?
நீக்கு.

பாலத்துக்கு அந்தப் பக்கம்
எவளோ ஒருத்தி நாளை உறை பிரிப்பாள்,
பன்னிரண்டு எழுத்துக்குள் என்ன போடலாம் என்று
நகம் கடித்தபடி யோசிப்பாள்.
இன்று தேதி பத்தொன்பது.
இருபத்தெட்டுக்கு ஏறாது.
வேன்காரரிடம் என்ன சொல்வாள் என்று
எனக்குத் தெரியவில்லை.