எழுத்துக்கு மூன்று ரூபாய்

எழுத்துக்கு மூன்று ரூபாய் கூலி.
காவேரிப்பட்டணம் என்றால் ஒன்பது எழுத்து.
புள்ளி வைத்ததற்கும் காசா என்பார்கள் கட்சிக்காரர்கள்.
ஏணியில் நிற்கிறவனுக்குத்தான் தெரியும்
ம்-முக்கும் கை வலிக்கும்.

இரண்டாயிரத்து எட்டில் கோடு மாறியது.
எங்கள் தொகுதி இல்லாமல் போய்
பர்கூரில் சேர்ந்தோம்.
நாலே எழுத்து.

மாங்கூழ் ஆலைச் சுவரில்
பழைய பெயரை நானே வெள்ளையடித்து மூடினேன்.
மூடியதற்குக் கூலி இல்லை.

சட்டசபையில்
நான் பிறந்த நாளாய் இருநூற்று முப்பத்து நாலு நாற்காலிதான்.
வாக்காளர் பட்டியல்தான் தடித்துக்கொண்டே போகிறது,
என் வீட்டிலேயே ஒன்று ஐந்தாகிவிட்டது.

போன ஐப்பசி மழையில்
பர்கூரின் கூ உரிந்து
அடியிலிருந்து ட எட்டிப் பார்த்தது.
"திம்மராயா, இது எந்த ஊரப்பா?"
ஆலை மேஸ்திரி கேட்டார்.

உள்ளூர்தான் என்றேன்.
ஏணியை எடுக்கவில்லை.