இருபத்தைந்து ஃபில்ஸ்

பையிலிருப்பதையெல்லாம் எடுத்து வை என்றாள் ஸ்டென்கா.
என்னைவிடப் பதினேழு வயது இளையவள்,
மூக்கில் வெயில் உரித்த தோல்.
சாவி, கைப்பேசி, எமிரேட்ஸ் அட்டை,
மறந்துபோன சலவைக்கடை ரசீது,
இஞ்சி மிட்டாய் இரண்டு.
"பேனாவும்."
பேனாவும்.

ஷார்ஜாவில், ஒரு காப்பீட்டுக் கம்பெனியில்
நசுங்கிய கார்களுக்கு விலை போடுகிறவன் நான்.
"கட்டுப்பாடு இழந்து" என்று
தினம் நாலு முறையாவது தட்டச்சு செய்கிறேன்.
உரிமம் வாங்கி நூற்றுப்பத்து மணிநேரம் பறந்தாயிற்று,
போய், வளைந்து, வந்து,
வரவும் செலவும் சரியாகிற பறத்தல்.

உம் அல் குவைன். சனிக்கிழமை, ஆறே முக்கால்.
கீழே அலையாத்திக் காடு, கழி, உப்புத்தரை.
வடக்கே ஓடும் நெடுஞ்சாலைதான் எங்கள் கோடு.
நாலாயிரம் அடி.
ஐந்து பட்டைகளையும் இறுக்கச் சொன்னாள்,
பிறகு, மூச்சு வெளியே போன நேரம் பார்த்து,
இன்னொரு முறை.

முதலில் சுழன்று விழுவது.
வேகம் வற்றியது. இடச்சிறகு சோர்ந்தது.
ஆட்டுக்கல்லானது பூமி,
மாவு நாங்கள்.
கை தன்னால் பின்னுக்கு இழுத்தது.
விழுகிறவன் எதையும் தன் பக்கம்தானே இழுப்பான்.
"விசையைக் குறை. எதிர்க்கால். இப்போது தள்ளு."
எங்கே?
"தரையைப் பார்த்து."

தரையைப் பார்த்துத் தள்ளினேன்.
நின்றது.

அப்புறம் உருளல்.
கடல் ஏறி வந்து தலைக்கு மேல் நின்றது
ஒரு சொட்டும் சிந்தாமல்.
மீன்படகுகள் வௌவால்களாய்த் தொங்கின.
தலைகீழாக ஒரு கணம் அவள் நிறுத்த,
காலடி மணல் எழுந்து மிதந்தது,
யார் யார் செருப்பிலோ ஏறி வந்த பாலைவனம்.
அதன் நடுவே ஒரு நாணயம்,
மான் பொறித்த பக்கம் காட்டி,
அவசரமில்லாமல்
என் கன்னத்தை நோக்கி வந்தது.

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.
"பிடி. மிதியடிக்குள் போனால் நாம் முடிந்தோம்."
பட்டைக்கும் கழுத்துக்கும் இடையில் அகப்பட்டது.
பாடம் அத்தோடு சரி.
இறங்கி உருண்டு வரும்போதுதான்
காகிதப்பை தேவைப்பட்டது எனக்கு.

மேசையில் என் பொருள்கள் வைத்தபடியே இருந்தன.
நாணயத்தைப் பக்கத்தில் வைத்தாள்.
எனக்கு முன்னால் யாரோ ஒருவர்
எல்லாம் எடுத்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறார்.

திங்கட்கிழமை, அஜ்மான் ரவுண்டானா, வெள்ளை சன்னி.
"கட்டுப்பாடு இழந்து" என்று அடித்துவிட்டு
படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
கை எந்தப் பக்கம் போனது என்று கேட்க
அதில் ஒரு கட்டமும் இல்லை.