எந்தக் கரண்டி

பதினொன்றுக்கு மின்சாரம் போனது.
விசிறி கடைசியாக ஒரு சுற்றுச் சுற்றி
யாரையோ எதிர்பார்ப்பதுபோல் நின்றது.
என் மகன் அப்போதுதான் விழித்தான்.

இரண்டு வயது ஆக இன்னும் ஒரு மாதம்.
முதலில் என் செருப்பைக் கேட்டான்,
இடதுகால் செருப்பு மட்டும்.
பிறகு தண்ணீர். தண்ணீருக்குள் விரல்.
பிறகு நின்றுபோன விசிறியை அண்ணாந்து பார்த்து
"போ, போ" என்று அதட்டினான்.

மோல்மேனில் பங்குனி முடிகிறது.
தண்ணீர்த் திருவிழாவுக்குத் தெருமுனையில் மேடை கட்டிவிட்டார்கள்.
சல்வீன் ஆற்றிலிருந்து காற்று வரும் என்பார்கள்.
வருகிறது, மேல்மாடிக்காரர்களுக்கு.
இவன் அப்பா எல்லை தாண்டி மேசோட்டில் சட்டைக்குக் காலர் தைக்கிறார்.
"தூங்கிட்டானா?" என்று போனில் கேட்பார்,
தானே தூக்கம் வராத குரலில்.

என் கைப்பையில் ஒரு புட்டி இருக்கிறது.
சளி மருந்து. ஆரஞ்சு வாசனை.
பதினோரு வருடம் மருந்துக்கடையில் நின்றவள் நான்.
சளியே இல்லாத எத்தனை பிள்ளைகளுக்கு
அதை விற்றேன் என்று எனக்குத் தெரியும்.
தெரியும் என்றால், எண்ணியதில்லை.

முடோன் பக்கத்து ரப்பர்த் தோட்டத்திலிருந்து
மி சான் வந்தது மாசியில்.
நெற்றி விளக்கின் வார் பதிந்த தடம்
பூசியிருந்த தனக்காவின்மேல் கோடாகத் தெரிந்தது.
இரவு ஒரு மணிக்குப் பால்வெட்டப் போகவேண்டும்,
மரத்துக்குப் பால் ஊறும் நேரம்
என் பிள்ளை எழுந்து கதவைப் பிடிக்கிறாள் என்றாள்.
நான் மூடியைத் திருகிக் காட்டினேன்.
அரைக் கரண்டி என்றேன்.
மீதிச் சில்லறையைக் கொடுத்தேன்.

நாலாம் நாள் திரும்பி வந்தாள்.
சண்டைக்கு வரவில்லை.
சண்டைக்கு வந்திருக்கலாம்.
விடிந்து வீடு திரும்பியபோது
பிள்ளை தூங்கிக்கொண்டே இருந்தாளாம்.
தட்டினாளாம். தண்ணீர் தெளித்தாளாம்.
உதடு நாவல்பழம் தின்றதுபோல் இருந்ததாம்.
மூச்சு, வரலாமா வேண்டாமா என்று
வாசலிலேயே நின்றதாம்.
மோட்டார் சைக்கிளில் இருவருக்கு நடுவே இறுக்கிப் பிடித்து
ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார்கள்.
இரண்டு நாள் மூக்கில் குழாய். பிழைத்தாள்.

"நீங்கள் சொன்ன அளவுதான்" என்று
பைக்குள் கைவிட்டுக் கரண்டியை எடுத்தாள்.
வெள்ளைப் பீங்கான். சூப்புக் குடிக்கிற கரண்டி.
ஒரு சின்னப் படகு.
அதில் பாதி.

எந்தக் கரண்டி என்று நான் கேட்டிருக்கவில்லை.
சரியான கரண்டியாகவே இருந்தாலும்
தூக்கத்துக்கு என்று யாரும் அதைக் காய்ச்சவில்லை.
இந்த வயதுக்குக் கொடுக்கக்கூடாது என்று
பெட்டிக்குள் எறும்பெழுத்தில் ஒரு தாள் இருக்கிறது,
மி சானுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில்.
அதை நாலாக மடித்து
உள்ளே திரும்பச் செருகியதும் நான்தான்.

இப்போது மணி இரண்டு.
ஏழுக்குக் கடை திறக்கவேண்டும்.
அவன் செருப்பால் பானையைத் தட்டுகிறான்.
கை பைவரைக்கும் போனது, பொய் சொல்லமாட்டேன்.
என்னிடம் கோடு போட்ட அளவுமூடி இருக்கிறது.
எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

சுவரில் சாய்ந்து ஒரு நிமிடம் கண்ணை மூடினேன்.
பானைச் சத்தம் நின்றது.
அவன் வந்து என் இமையை
ஈரமான இரண்டு விரல்களால் பிரித்து,
உள்ளே எட்டிப் பார்த்து,
"அம்மா?" என்றான்.

இருந்தேன்.

புட்டியைக் கழுவுதொட்டியில் கவிழ்த்தேன்.
ஆரஞ்சு வாசனை அறை முழுக்க ஏறியது.
சிமெண்டுத் தரையில் ஈரத்துணி விரித்து
இருவரும் மல்லாந்தோம்.
இருட்டில் அவன் விசிறிக்கு மூன்று இறக்கைகளையும்
ஒன்று, ஒன்று, ஒன்று என்று எண்ணினான்.

தூங்க வைத்தேன் என்று சொல்லமாட்டேன்.
மூன்று பத்துக்கு அவனாகத் தூங்கினான்,
செருப்பைக் கட்டிக்கொண்டு.
மூக்கருகே விரல் வைத்தேன்.
வந்தது. எடுத்தேன். திரும்ப வைத்தேன்.
முடோனில் இந்நேரம்
மரத்துக்கு மரம் நெற்றி விளக்குகள் நகரும்.
அவள் பிள்ளையை இப்போது எங்கே விடுகிறாள்
என்று அதையும் நான் கேட்கவில்லை.

மூன்றே முக்காலுக்கு மின்சாரம் வந்தது.
யாரும் அணைத்து வைக்காத எல்லா விளக்கும்
ஒன்றாக எரிந்தது.
அவன் எழுந்து உட்கார்ந்து,
சுற்றத் தொடங்கிய விசிறிக்குக்
கைதட்டினான்.