ஏழு நாளில் மறுக்காவிட்டால்

ஐஸ் கம்பெனி கொடுத்த பழைய டைரி.
அதில் நூற்றுப் பன்னிரண்டு பேரின் கடவுச்சொல்
என் கையெழுத்தில்.
டீசல் மானியம், தடைக்கால நிவாரணம், ரேஷன்,
பிள்ளைகளின் ஸ்காலர்ஷிப்.
ஐப்பசி மழையில் கடைத் தகரம் ஒழுகி
'ச' வரிசை பாதி ஊதாவாகக் கரைந்தது.
சவேரியம்மாள், சந்தியாகு, சலேத்
மூவருக்கும் புதிதாய்ப் போட வேண்டியிருந்தது.
சந்தியாகுவின் செல் அன்று
தலைமன்னார் டவரைப் பிடித்துக்கொண்டு
'இலங்கைக்கு நல்வரவு' என்றது.
ஓடிபி வரவே இல்லை.

கரையாவிட்டாலும் பெரிய நஷ்டமில்லை.
மூத்த பிள்ளையின் பெயர், ஒன்று இரண்டு மூன்று.
கொஞ்சம் சாமர்த்தியக்காரர் என்றால் படகு நம்பர்.
அது படகிலேயே இருக்கிறது,
ஒரு முழ உயரத்தில், வெள்ளைப் பெயின்டில்,
நேவிக்காரன் பைனாகுலரில் படிக்கிற மாதிரி.

அதனால் மென்பொருள் தேடினேன்,
மூன்று இரவு, ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு.

ஒன்று இலவசம் என்றது.
பாம்பனில் சும்மா கொடுக்கிற மீன்
நேற்றைய மீன்.
இன்னொன்றும் இலவசம்தான்,
ஆனால் செவுளைத் தூக்கிப் பார் என்றது,
தன் நிரலையெல்லாம் திறந்து வைத்திருந்தது.
எனக்கு அதைப் படிக்கத் தெரியாது.
தெரிந்தவர்கள் தூக்கிப் பார்த்திருக்கிறார்கள்.
பேர்போன ஒன்று களவுபோய்
நாலு மாதம் கழித்து வாய்திறந்தது.
களவு யாருக்கும் போகும். அந்த நாலு மாதம்தான்.
கடைசி ஒன்று எதையும் வெளியே அனுப்பாதாம்,
இந்தக் கம்ப்யூட்டருக்குள்ளேயே பூட்டுமாம்.
இந்தக் கம்ப்யூட்டரை எனக்குத் தெரியும்.
உப்புக் காற்றுக்கு வருஷம் ஒரு மதர்போர்டு.

அண்ணன் கின்ஸ்லி சிரித்தான்.
மீன் படும் பார்களை அவன்
ஜிபிஎஸ்ஸில் பொய்ப்பெயரில் குறித்திருக்கிறான்:
பல் டாக்டர், மாமியார் வீடு, கரண்ட் பில்.
"கரண்ட் பில்லில் நாற்பது கிலோ விளைமீன்" என்பான்.
எது எங்கே என்று அண்ணிக்கும் தெரியாது.

மார்கழியில் பிலோமி வந்தாள்.
ராயப்புவை வடகடலில் பிடித்துப்போய்
பதினோரு நாள்.
வக்கீலுக்குப் பணம் கட்ட வேண்டும்,
பணம் அவர் கணக்கில்.
அவருடைய செல்லை மேசையில் வைத்தாள்.
மூத்தவள் பெயர் போட்டோம். இல்லை.
இளையவள். இல்லை.
படகு நம்பர்.
கணக்கு பூட்டிக்கொண்டது.

நூற்றுப் பன்னிரண்டு பேரில்
அவர் ஒருவர்தான் என் பேச்சைக் கேட்டவர்.
கஷ்டமானதாய் வையுங்கள்,
யாரிடமும் சொல்லாதீர்கள், என்னிடமும்கூட
என்று அவரிடம் சொன்னவள் நான்.
அதைப் பிலோமியிடம் சொல்லவில்லை.

அன்றிரவு பொடி எழுத்துகளைப் படித்தேன்.
செவுளைத் திறந்து காட்டிய அதே மென்பொருளில்
காசு கட்டினால் 'அவசர அணுகல்':
நீங்கள் குறித்தவர் கேட்ட பிறகு
ஏழு நாளில் நீங்கள் மறுக்காவிட்டால்
பெட்டகம் அவருக்குத் திறக்கும்.

ஏழு நாள்.
இங்கேயும் எண்ணுவோம்.
முதல் நாள் டீசல் தீர்ந்திருக்கும் என்போம்.
இரண்டாம் நாள் இன்ஜின்.
மூன்றாம் நாள் நீரோட்டத்தைத் திட்டுவோம்.
அதற்குப் பிறகு யாரும் சத்தமாக எண்ணுவதில்லை.

வருஷத்துக்கு இரண்டு கிலோ நண்டு விலை. கட்டினேன்.
தலைமைச் சொல்லாக ஐந்து வார்த்தை.
இதில் எங்கும் இல்லை, தேட வேண்டாம்.
கட்டத்துக்குக் கீழே ஒரு வரி:
மறந்தால் எங்களாலும் மீட்டுத் தர முடியாது.
இந்த மேசையில் நான் படித்த படிவங்களில்
மழுப்பாத வரி அது ஒன்றுதான்.

அவசரத்துக்கு யார் என்று கேட்டது.
கின்ஸ்லி கடலில் கிடப்பவன்.
வெகுநேரம் கர்சர் துடித்தது.

மறுநாள் பிலோமியை வரச்சொன்னேன்.
அவளுக்கு ஈமெயில் இல்லை,
நான் தொடங்கிக் கொடுத்தேன்.
கடவுச்சொல் கட்டம் வந்ததும்
விசைப்பலகையை அவள் பக்கம் தள்ளிவிட்டு
பாலத்தைப் பார்த்து நின்றேன்.
ஒற்றை விரலால் தட்டினாள்.
எண்ணக்கூடாது என்றிருந்தும் எண்ணிவிட்டேன்.
பதினாறு.
"யாரிடமாவது சொல்லி வைக்கவா?" என்றாள்.